கொடியில் பத்தாவது துணி

துவைத்தது ஒன்பது துணி. கொடியில் தொங்கியது பத்து.

அவள் மறுபடியும் எண்ணினாள். எண்ணிக்கையில் அவள் தப்பு விட்டாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் பதினோரு வருஷமாக, தினம் எழுநூறு விரிப்பும் உறையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிறவள். கணவனுடையது மூன்று. அவளுடையது இரண்டு. மகளுடையது நான்கு. ஹோட்டல் அறையின் ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை இழுத்துக் கட்டியிருந்த நைலான் கயிற்றின் கடைசியில், ஜன்னலை ஒட்டி, கையில்லாத ஒரு சின்ன நீலக் கவுன் தொங்கியது.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இவர் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நேற்று ஏரிக்கரைக் கடைகளில் அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் மகளுக்கு ஒன்றை வாங்கிப் பையில் திணித்திருப்பார், அது அழுக்குத் துணியோடு வாளிக்குள் போயிருக்கும். புதுத்துணி என்றால் சாயம் போகுமே, என் வெள்ளைத் துணியெல்லாம் என்ன கதி என்று மற்றவற்றைப் புரட்டிப் பார்த்தாள். எதிலும் நீலம் ஏறவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. அவள் எந்தச் சட்டையையும் கவுனையும் தலைகீழாகத்தான் காயப்போடுவாள். தோளில் கிளிப் தடம் விழக்கூடாது. இந்தக் கவுன் மட்டும் இரண்டு தோளிலும் கிளிப் மாட்டி, நிமிர்ந்து நின்றது.

காய்ச்சல்கார மகளைப் பார்த்துக்கொண்டே துணி போட்டால் இப்படித்தான் ஆகும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மகளுக்கு ஐந்து வயது, செல்லப் பெயர் பட்டாணி. நேற்று ஹோட்டல் நீச்சல் குளத்தில் மூன்று மணி நேரம் ஊறியதற்கு இன்று பலன். கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலில் சுருண்டு தூங்கினாள். மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்துக் கணவன் மருந்து வாங்கக் கிளம்பிப் போய் இருபது நிமிஷம் இருக்கும்.

போகும்போதும் வாய் சும்மா இருந்ததா அவருக்கு! "கீழ லாண்டரியில குடுத்தா ஆகாதா? ஊர் சுத்த வந்த எடத்துலயும் சோப்பும் கையுமா நிக்கற ஒரே ஆளு நீதான்."

"எவன் துணியோட போட்டுத் துவைப்பாங்களோ! என் புள்ள துணி இன்னொருத்தர் துணியோட சேர வேணாம்."

"சரி தாயே!" என்று கும்பிடு போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். 'அறையில் துணி உலர்த்த வேண்டாம்' என்று குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் அவள் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். அதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் போனார்.

அவள் நீலக் கவுனைத் திருப்பித் தலைகீழாக மாட்டினாள். மாட்டும்போது ஓரத்தை மடித்துப் பார்த்தாள். அடையாள நூல் இல்லை.

கிடங்கில் அது ஒரு சட்டம். அடையாளம் இல்லாத துணி ஒரு நிமிஷம்கூட அடையாளம் இல்லாமல் கிடக்கக் கூடாது. கிடந்தால் காணாமல் போகும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். துணியின் உள்ளோரத்தில் சிவப்பு நூலில் கணவனுக்கு ஒரு தையல், தனக்கு இரண்டு, பட்டாணிக்கு மூன்று. ஊசியும் நூலும் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஈரத்தோடு ஈரமாக, யோசிக்கக்கூட இல்லாமல், நீலக் கவுனின் ஓரத்தில் மூன்று தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். நாக்கில் குளத்துத் தண்ணீரின் பாசி ருசி ஒட்டியது. சீ என்று துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மணி நாலரைதான்; ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பழுப்பாக, தேநீர் சிந்திய துணிபோல இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு சுழன்றது, சோப்பு வாசனையும் ஈரச் சுவரின் புழுக்க வாசனையும் கலந்து அறையெங்கும் நின்றது, கொடியில் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக இடித்துக்கொண்டு ஆடின. அவள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கண் அசந்திருக்க வேண்டும்.

விழித்தபோது சொட்டுச் சத்தம் கேட்டது.

எழுந்து துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். மற்ற ஒன்பதும் காய்ந்துவிட்டன. கால்சட்டையின் இடுப்புப் பட்டைகூட மொறமொறவென்று இருந்தது. அந்தப் புழுக்கத்தில் அவ்வளவு சீக்கிரம் காய்ந்ததே ஆச்சரியம்தான். நீலக் கவுன் மட்டும் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சொட்டியது. கீழே தரையில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

கவுன் மறுபடியும் நிமிர்ந்து நின்றது. தோளில் கிளிப்.

அவள் பிழிந்தாள். தண்ணீர் வந்தது. இன்னும் முறுக்கிப் பிழிந்தாள். இன்னும் வந்தது. கை வலிக்கும்வரை பிழிந்தும் தண்ணீர் நிற்கவில்லை. துணி கனத்தது. ஒரு கவுன் இவ்வளவு கனக்குமா? அப்படியே விட்டுவிட்டு, ஒன்பது காய்ந்த துணிகளையும் உருவிக் கட்டிலின் கால்மாட்டில் போட்டாள். போன் எடுத்து வரவேற்பறையைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு முன்னாடி இந்த ரூம்ல தங்கினவங்க துணி ஏதாச்சும் விட்டுட்டுப் போனாங்களா?"

வரவேற்பறைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "நீலமா மேடம்?"

"ஆமா. கொடியில கெடக்கு."

"கொடியில கெடந்தா கெடக்கட்டும் மேடம். நீங்க அதுல ஒண்ணும் பண்ணலையே? உங்களுதுன்னு அடையாளம் எதுவும் வைக்கலையே?"

அவள் கொடிப்பக்கம் திரும்பிக் கவுனின் ஓரத்தைப் பார்த்தாள்.

"மேடம்? புள்ளைய விட்டு நகராதீங்க. நான் மேல வர்றேன்."

போனை வைத்தாள். எதையாவது செய்ய வேண்டும் என்று கால்மாட்டில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளோரம் உள்ளோரமாகப் பார்த்தாள். கணவனுடையதில் ஒரு தையல், இருந்தது. அவளுடையதில் இரண்டு, இருந்தது. மகளுடையது நான்கையும் புரட்டினாள். ஒன்றிலும் நூல் இல்லை. அறுந்த தும்பு இல்லை. ஊசி போன ஓட்டைகூட இல்லை.

ஐயோ, என் கையாலேயே செய்துவிட்டேனே!

ஊசியை எடுத்தாள். மூன்றாவது முறைதான் நூல் கோர்க்க முடிந்தது. போர்வைக்குள் கை விட்டு, மகள் போட்டிருந்த சட்டையின் ஓரத்தைப் பிடித்து ஒரு தையல் போட்டாள். நூலை இழுத்தாள். நூல் முழுசாக வெளியே வந்துவிட்டது. முடிச்சைப் பெரிதாக்கிப் போட்டாள். வந்துவிட்டது. புகைக்குள் தைப்பதுபோல் இருந்தது. மறுபடியும். மறுபடியும்.

மகள் கண் திறந்தாள். "என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. நீ தூங்கு."

"எனக்கு ஏன் ஒட்ட மாட்டேங்குது? அந்தப் பாப்பாவுக்கு மட்டும் தெச்சுக் குடுத்த."

"எந்தப் பாப்பா?"

மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது.

அவள் திரும்பினாள். கயிறு. இரண்டு கிளிப். கவுன் இல்லை. தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு ஈரக் கோடு கிளம்பி, அலமாரியைச் சுற்றி, வாசல்பக்கம் போயிருந்தது.

மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். சூடான, பிசுபிசுத்த, சின்னக் கை. இதை விடமாட்டேன். யார் வந்தாலும் விடமாட்டேன்.

கதவு திறந்தது. கணவன்தான். குடையை உதறி மூலையில் வைத்தார். மருந்துப் பையை மேசைமேல் போட்டார். அவளுக்கு உயிர் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் கதவோரம் குனிந்தார்.

"ஏய் பட்டாணி! ஜொரத்தோட வெறும் தரையில உக்காருவியா? பாரு, தொப்பலா நனைஞ்சிருக்க."

கதவின் மறைவிலிருந்து ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நீலக் கவுன். அதற்குள் இரண்டு கால்கள் தொங்கின. வெளுத்து, ஊறி, விரல்நுனி சுருங்கிய கால்கள். அவர் சட்டையில் ஈரம் பரவியது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"என்னங்க... அத கீழ விடுங்க."

"எத?"

"புள்ள இங்க இருக்குங்க! கட்டில்ல! என் கையப் புடிச்சிட்டு இருக்கு!"

அவர் கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. அவளைப் பார்த்து வந்த பயம்.

"அங்க காஞ்ச துணிதானே கெடக்கு. நீ யார்கிட்டம்மா பேசிட்டு இருக்க?"

அவள் கத்தினாள். குரல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து ஓடிப் பறித்து எறிய வேண்டும். எழுந்தால் கையை விட வேண்டும். விடவில்லை.

"சரி, சரி. பதறாத. மொதல்ல மருந்து குடுத்துடறேன்," என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் இருத்திக்கொண்டார். மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினார். கரண்டியில் ஊற்றினார். "பட்டாணி, ஆ காட்டு."

கட்டிலில் மகள் தன் பெயரைக் கேட்டாள். மெல்ல எழுந்து உட்கார்ந்து, சமர்த்தாக வாயைத் திறந்தாள்.

கரண்டி கட்டில் பக்கம் வரவில்லை. மடியிலிருந்தது ஒரு மடக்கில் விழுங்கிவிட்டு, அவர் தோளில் தலை சாய்த்து அவளைப் பார்த்தது. முடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அப்பா," என்றாள் மகள். அவர் திரும்பவில்லை.

அவள் பிடியை இறுக்கினாள். உள்ளங்கைக்குள் அந்தக் கையின் சூடு போயிருந்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்தன, எலும்பில்லாமல், கனமில்லாமல், மொறமொறவென்று. அவள் அதற்குமேல் கையைப் பார்க்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தாள்.

மகள் இன்னும் வாயைத் திறந்துகொண்டு, அப்பா மருந்து கொடுப்பார் என்று காத்திருந்தாள்.