பின்னாலிருந்து ஒரு சரணம்

மாலை கழற்றும்போது முருகையன் சரணம் சொல்லவில்லை.

வருஷம் தவறாமல் மலைக்குப் போகிற குருசாமி அவன். ‘சாமியே’ என்று அவன் எடுத்துக் கொடுத்தால் கடைசித் தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும் என்று மரக்காணத்தில் கிண்டல் செய்வார்கள். அன்று காலை வேன் வந்து நின்றது. வாசலில் தேங்காய் உடைத்தார்கள். எல்லோரும் ஐயப்பன் படத்துக்கு முன்னால் நின்றபோது, லாரி டிரைவர் தட்சணாமூர்த்திதான் கட்டிப்போன தொண்டையோடு ‘சாமியே’ என்றான். மற்றவர்கள் ‘சரணம் ஐயப்பா’ என்று முனகினார்கள். முருகையன் உதட்டை இறுக்கிக்கொண்டு துளசி மாலையைத் தலைவழியாக இழுத்தான். காதில் மாட்டியது. பிடுங்கி எடுத்தான்.

அவன் மனைவி அமராவதி அதைப் பார்த்தாள். ஆனாலும் அவள் கண் வேனுக்குள் தேடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் போனார்கள். ஐந்து பேர் நிற்கிறார்கள்.

“தனகோடி எங்க?”

“பின்னாடி வர்றான்” என்றான் முருகையன்.

“பின்னாடின்னா?”

“பழனிக்குப் போற குரூப்பு ஒண்ணோட ஒட்டிக்கினான். ரெண்டு நாள்ல வந்துடுவான். வந்ததும் வராததுமா எதுக்கு இந்த விசாரணை? சோத்தப் போடு.”

தனகோடி அவளுடைய ஒரே தம்பி. டீக்கடைக்குப் போவதென்றால்கூட ‘அக்கா, போயிட்டு வந்துர்றேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவன். போன கோடையில் உப்பு மூட்டை சரிந்து இடது கால் முறிந்தது. ஒட்டியும் நேராகவில்லை, இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ‘கன்னிசாமியா மாலை போடு. பெருவழியில நடந்தா கால் தன்னால சரியாயிடும்’ என்று சொன்னவன் முருகையன்தான். ‘காலு முடியாதவன எதுக்குங்க மலையில நடக்க வைக்கிறீங்க, பம்பை வரைக்கும் பஸ்ல போவட்டுமே’ என்று அவள் எவ்வளவோ சொன்னாள். ‘எம்பின்னாடி வந்தவன் எவனும் விழுந்ததில்ல’ என்று அவள் வாயை அடைத்தான். தனகோடியோ விரத நாட்களில், ‘மாளிகைப்புறம், இன்னொரு தோசை போடு’ என்று அக்காவையே கேலி செய்துகொண்டு திரிந்தான்.

அவள் சோற்றைப் போட்டாள். தட்டை வைத்த வேகத்தில் ரசம் தெறித்தது.

மறுநாள் விடியற்காலையில் உப்பளத்தில் கூச்சல் கேட்டது.

வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் அவர்கள் குத்தகைக்கு எடுத்த உப்பளம். சுனாமி கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளி முடிக்கவே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த மார்கழியில்தான் மறுபடி பாத்தி கட்டியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து மிதிப்பார்கள். பிறகு பலகை போட்டு இழுத்து வழவழப்பாக்கிவிட்டால், தண்ணீர் பாய்கிற வரைக்கும் ஒருவரும் அதில் கால் வைக்கக் கூடாது. கோழிகூட இறங்காமல் காவல் இருப்பார்கள்.

அந்த வழவழப்பான தரையின் நட்ட நடுவில் காலடித் தடம்.

வரப்பிலிருந்து யாரும் இறங்கிய அடையாளம் இல்லை. பாத்தியின் மையத்தில் சட்டென்று ஆரம்பித்து, வீட்டைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு அடி வந்து, சட்டென்று நின்றுவிட்டிருந்தது. வலது பாதம் அழுத்தமாக. இடது பாதம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீளமான இழுப்பு.

“எவண்டா எறங்குனது? எவன்?” முருகையன் கத்தினான். வேலைக்கு வந்திருந்த கமலாம்பாளைப் பார்த்து, “உன் வேலையா?” என்று பாய்ந்தான்.

“எனக்கின்னா வேண்டுதலா? எங்காலு இம்மாம் பெருசா இருக்குது? நல்லா கேக்கறியே நாயம்!” என்று அவள் சேலையைத் தூக்கித் தன் சின்னப் பாதத்தைக் காட்டினாள். நான்கு பேர் சிரித்தார்கள். முருகையன் சிரிக்கவில்லை. பலகையைப் பிடுங்கிக்கொண்டு தானே இறங்கி, அந்தத் தடத்தைத் தேய்த்தான். ஒருமுறை தேய்த்தால் போதும். அவன் மூச்சு வாங்க வாங்கத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அமராவதி வரப்பில் நின்று அந்த இழுப்பைப் பார்த்தாள். தம்பி நடக்கிற நடை அது. கோபம் ஏறியது. இவன் என்னமோ மறைக்கிறான்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று நின்றுபோயிருந்தது. மேட்டில் சுனாமிக்குத் தப்பிய பழைய உப்புக் குவியல்கள் கீற்றைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. எப்போதும் மூக்கில் ஏறுகிற சேற்று வாடைக்கு நடுவே வேறொரு வாசனை மெல்லக் கலந்து வந்தது. மழையில் ஊறி மக்கிய மூங்கில் இலை, ஈரப் பாறை, கெட்டுப்போன நெய். இந்தக் கரையில் அவள் ஒருநாளும் முகராத காட்டு வாசனை. தீக்குச்சியைக் கிழிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

“சாமியே...”

உப்பளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இழுத்த குரல். கடைசியில் ஏங்கி, பதிலுக்காகக் காத்து நின்ற குரல்.

“தனகோடி!” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “வந்துட்டான்!” சரணம் சொல்ல வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. முருகையன். அவன் உள்ளங்கை நனைந்திருந்தது.

“பதில் சொல்லாத.” காதோடு சொன்னான். “சொல்லாத, சொல்லாத.”

அவள் அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வருகிற மாதிரி கடித்தாள். அவன் உதறிக்கொள்வதற்குள் வெளியே ஓடினாள். பாத்திகள் மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் இல்லை.

விடிந்ததும் தட்சணாமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அவன் லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

“ஏம்பா, வெளிய வா.”

“வர மாட்டேன் அண்ணி. இங்கேர்ந்தே சொல்லிடறேன். உங்க மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது.”

அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பெருவழியில கூட்டம் தாங்கல. குருசாமிதான், மூங்கில் காட்டு வழியா யானைங்க போற தடம் ஒண்ணு இருக்குது, சீக்கிரமா கரிமலை உச்சிக்குப் போயிடலாம்னாரு. அதுல மனுஷ நடமாட்டமே இல்ல. தனகோடி கடைசியா வந்தான். வழக்கம் உங்களுக்குத் தெரியுமில்ல? பின்னாடி இருக்கறவன் ‘சாமியே’ன்னா முன்னாடி போறவங்க ‘சரணம் ஐயப்பா’ன்னு சொல்லணும். அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினுதான் அவன் வந்து சேருவான்.”

“தெரியும்.”

“அவன் அடிக்கடி கூப்ட்டான். ஒவ்வொரு வாட்டியும் நாங்க நின்னோம். குருசாமிக்குக் கோவம், ஜோதி தவறிடும்னு. ‘எவனும் பதில் சொல்லாதீங்க. சொன்னா ஒக்காந்துடுவான். சொல்லலன்னா பயத்துல ஓடி வருவான்’னாரு.”

“நீங்க?”

லாரிக்கு அடியில் ஸ்பேனர் விழுந்தது.

“வாய மூடிக்கினோம் அண்ணி.”

“எவ்ளோ நேரம் கூப்ட்டான்?”

“ரொம்ப நேரம். மொதல்ல பின்னாடி கேட்டுச்சு. அப்புறம் கீழ, பள்ளத்துல. அப்புறம் சாமியக் கூப்டறத வுட்டுட்டு அக்கா, அக்கான்னான்.”

அமராவதி லாரியின் டயரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஜோதி பாத்துட்டு வந்து தேடலாம்னாரு. திரும்பி வந்தப்ப அவரு மட்டும் பள்ளத்துப் பக்கம் எறங்கிப் பாத்துட்டு, ஆளக் காணோம்னுட்டாரு. போலீஸ்ல சொன்னா எல்லாரும் உள்ள போவணும்னு மெரட்னாரு. ஆனா அண்ணி... வேன்ல வர்றப்ப தேனிகிட்ட டீ குடிக்க எறங்கனோம். ரோட்டுக்கு அந்தாண்ட அதே கொரலு. திருச்சி தாண்டி இன்னொருவாட்டி. அது எங்க பதிலத் தேடிக்கினே வருது. நீங்க சொல்லிடாதீங்க.”

“அது இல்லடா” என்று எழுந்தாள். “அவன். என் தம்பி.”

ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். கேரளாவுக்குப் பேசுகிறோம் என்றார்கள். வீடு திரும்பியபோது பாத்தியில் மறுபடி தடம். இந்த முறை கொல்லை வரப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. யாரும் பலகை போட வரவில்லை.

சாயங்காலமே முருகையன் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணியைத் திணித்தான். டிவியை அலற விட்டான். அமராவதி எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டு போயிற்று.

“சாமியே...”

கொல்லையில். மிகப் பக்கத்தில்.

அவள் எழுந்தாள். முருகையன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

“உன் கால்ல விழறேண்டி. அவன் செத்துட்டான். அது அவன் இல்ல.”

“செத்தத நீ பாத்தியா?”

முருகையன் தாழ்ப்பாளைப் பின்கையால் இறுகப் பிடித்தான்.

“ஆளக் காணோம்னு அவங்ககிட்ட சொன்னியே. பாத்தியா?”

“பாறையில வுழுந்து கெடந்தான். முதுகு ஒடிஞ்சி. தூக்கினாலும் பொழைக்க மாட்டான், அமராவதி. சத்தமே வரல. வாய் மட்டும்... வாய் மட்டும் அசஞ்சிக்கினு இருந்துது.”

உயிர் இருந்திருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இவன் மேலே நின்று பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வேனில் ஏறியிருக்கிறான். என் வீட்டு வாசலில் தேங்காய் உடைத்திருக்கிறான். சோறு கேட்டிருக்கிறான்.

அமராவதிக்குப் பயம் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்தாள்.

“சரணம் ஐயப்பா!”

உப்பளம் முழுக்கக் கேட்டது.

கடைசி வெளிச்சத்தில் பாத்தித் தரை சாம்பல் நிறத்தில் கிடந்தது.

“சாமியே...”

“சரணம் ஐயப்பா! வாடா தம்பி!”

வரப்பில் ஒரு தடம் விழுந்தது. வலது பாதம். ஆள் இல்லை. பாதம் மட்டும் மண்ணில் அமுங்கி, நீர் ஊறியது. பிறகு ஓர் இழுப்பு. சர்ர்ர்.

பாதம். இழுப்பு.

கொல்லைக்குள். கிணற்றடி. துவைக்கிற கல்.

நெய் வாடை. ஈர இலை.

பாதம்.

அவள் கையை நீட்டினாள். கண்ணை மூடவில்லை. ஏதோ சில்லென்று மணிக்கட்டைப் பிடித்தது. சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது பிடித்துக்கொள்வானே, அந்தப் பிடி. ஒரு கணம். விட்டது.

அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

வீட்டுக்குள் கத்தல் இல்லை. பாத்திரம்கூட உருளவில்லை. கன்னிசாமி குருசாமிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளத்தானே வேண்டும்.

பிறகு முருகையன் வெளியே வந்தான். வெறுங்கால். இரண்டு கையும் தலைக்குமேல் உயர்ந்து, இல்லாத இருமுடியைப் பிடித்திருந்தன. கண்கள் அவளைப் பார்த்துக் கெஞ்சின. கால்கள் நிற்கவில்லை. சட்டையின் இரண்டு தோள்களும் உள்ளே அமுங்கி, விரல் விரலாகக் கசங்கியிருந்தன. ஏற்றத்தில் முடியாதவன், முன்னால் போகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல.

கொல்லையைத் தாண்டினான். பாத்தியில் இறங்கினான்.

தரை தட்டையானது. அவனோ முன்னால் குனிந்து, முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தான். மூச்சு இரைத்தது. மலை ஏறுகிறவனின் நடை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவன் குதிகாலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தாள்.

அடுத்த அடியில் ஒரு முழம்.

அவன் ஏறிக்கொண்டிருந்தான். வரப்பின் உயரம். உப்புக் குவியலின் உயரம். கீழே பாத்தியில் தடமே விழவில்லை.

“சாமியே!” என்று அலறினான். ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் தடவையாக. “அமராவதி! சொல்லுடி! ஒரு வாட்டி சொல்லுடி! சாமியே!”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு கடிபட்டு வாயில் ரத்தம் கரித்தது. திறக்கவில்லை.

பனை உயரம். அதற்கும் மேல். கருத்த வானத்தில் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகி, நின்று, இழுத்து, மறுபடி ஏறியது.

பொத்தென்று அவள் காலடியில் ஏதோ விழுந்தது.

கல். கறுப்பு மலைக் கல். பாசியோடு, ஈரமாக. யாரோ ஏறும்போது கால் பட்டுப் பெயர்ந்த கல். இந்த உப்பு மண்ணில் கூழாங்கல்கூடக் கிடையாது.

இன்னொன்று பாத்தியில் விழுந்தது. இன்னொன்று.

மேலே குரல் தேய்ந்து, வெள்ளைப் புள்ளி மறைந்து, ஒன்றுமே தெரியாமல் போன பிறகும், வெறும் வானத்திலிருந்து கற்கள் விழுந்துகொண்டே இருந்தன.