சாம்பிராணி போட்டது யார்?

விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கே முனிலட்சுமி முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எதிரே தேன்பெட்டி. அதன் முகப்பில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கீழே மண்ணில் தேன்பூச்சிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன.

"காப்பி போடலியா?" என்று வந்து நின்றான் அவள் கணவன் கங்கப்பன்.

"நேத்து நான் கோயிலுக்குப் போனப்ப இதுக்கு என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்... பூஜை பண்ணேன்."

பதினெட்டு வருஷமாக ஓசூர்க் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவன். ஆயுத பூஜை வந்தால் அங்கே லேத்துக்கும் பொட்டு, கேண்டீன் கிரைண்டருக்கும் பொட்டு. ஊரில், வேப்பனப்பள்ளி வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை அடங்குமா? பைக், மிக்சி, மோட்டார் சுவிட்ச் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவன் தேன்பெட்டியையும் விடவில்லை. பொட்டோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. கைப்பிடி சாம்பிராணியைக் கொட்டிய தூபக்காலைப் பெட்டி வாசலை ஒட்டி வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான்! நோஞ்சான் கூட்டமாயிற்றே, குளவி நுழைந்துவிடக் கூடாதே என்று முனிலட்சுமி அந்த வாசலை விரலகலத்துக்குக் குறுக்கி வைத்திருந்தாள். புகை உள்ளே போய்விட்டது. பூச்சிகளால் வெளியே வர முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் முருங்கைக் கிளையில் தேங்காய் அளவுக்குத் தொங்கிய கூட்டம் அது. அவளேதான் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துக் குடிவைத்தாள். எறும்பு ஏறாமல் பெட்டியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினாள். மழைக்காலம், பூ இல்லை. அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் சர்க்கரைப் பாகு வைத்தாள். ஆறு வருஷமாகச் சொந்தக்காரர் யாரும் படி ஏறாத வீடு அது. தானாக வந்த விருந்தாளி இது ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

மூடியைத் திறந்து பார்த்தாள். ராணி உயிரோடிருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கையகலத்துக்குத்தான் பூச்சி மிச்சம்.

"பொழைக்குமா?" என்றான் கங்கப்பன், குரல் இறங்கி.

"குஞ்சு இருக்கிற தேனடை ஒண்ணு வெச்சா பொழைக்கும். அது அக்கா வீட்லதான் இருக்குது."

அக்கா என்றது மங்கம்மாவை. கங்கப்பனின் அண்ணன் திம்மப்பனின் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, மாந்தோப்பு, தோப்பில் நாலு தேன்பெட்டி. இந்த இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே அடுப்பாக இருந்த குடும்பம், முனிலட்சுமி தனிக்குடித்தனம் கேட்டதால்தான் உடைந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. கேட்டது அவளல்ல, கங்கப்பன். வளர்த்து ஆளாக்கிய அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. 'நீ கேட்டதாச் சொல்லிடு லட்சுமி' என்றான். சொல்லிவிட்டாள்.

அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமா? மங்கம்மா மகள் அனுப்ரியாவுக்கு ஏழு வயசிலிருந்து தலை பின்னிவிட்டவள் இவள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கப் போனவளை, 'வீட்டப் பிரிச்ச கை இதுல படக்கூடாது' என்று மங்கம்மா நாலு பேர் முன்னால் தள்ளி நிறுத்தினாள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததைக் கங்கப்பன் பார்க்கத்தான் செய்தான்.

இன்று அதே வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போய் நின்றாள் முனிலட்சுமி. மங்கம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா... குஞ்சு அடை ஒண்ணு வேணும். எங்க பெட்டில பூச்சி செத்துப்போச்சு."

"எப்படிச் செத்துச்சு?"

"சாம்பிராணி வெச்சுட்டேங்க்கா. வாசல்கிட்டயே... தெரியாம."

மங்கம்மா கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். "பூச்சி வளக்கிறவளுக்குப் புகை ஆகாதுன்னு தெரியாதா? நீ எது நல்லா இருந்தாலும் கெடுக்கத்தான் போற. இந்த வீட்டயும் அப்படித்தானே ரெண்டாக்கின?"

முனிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அடை கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணி, சாம்பிராணி வெச்சது நான்."

கேட்டுக்கு வெளியே கங்கப்பன் நின்றிருந்தான். அவளைத் தடுக்க வந்தவன் அத்தனையும் கேட்டுவிட்டான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் முனிலட்சுமி.

"இருந்தேனே, ஆறு வருஷமா சும்மாத்தானே இருந்தேன். என் தப்ப எத்தன தடவதான் உன் தலைல போட்டுக்குவ?" அண்ணி பக்கம் திரும்பினான். "அண்ணி... தனியாப் போகணும்னு கேட்டதும் நான்தான். இவ வேணாம்னுதான் அழுதா. அண்ணன்கிட்டச் சொல்லப் பயந்துகிட்டு இவ பேர்ல போட்டுட்டேன்."

உள்ளேயிருந்து திம்மப்பன் வந்து நிலைப்படியில் நின்றார்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன் கங்கா?"

கங்கப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

மங்கம்மா எழுந்து வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. அப்படியே முனிலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மஞ்சள் இடிக்க வந்த கைய நான் தள்ளிவிட்டேனேடி... அப்பயாவது வாயத் தொறந்திருக்கலாமில்ல?"

"அண்ணன் தம்பி விரோதமாயிடக் கூடாதுன்னு இருந்துட்டேங்க்கா. ஆனா எனக்கு ரொம்ப வலிச்சுது. இன்னிக்கும் வலிக்குது."

மங்கம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

பிறகு மங்கம்மாவே தோப்புக்குள் போய்ப் பெட்டிகளைத் திறந்தாள். "புழு நெறைய இருக்கிற அடை உனக்கு ஆகாது. சூடு குடுக்க உங்கிட்டப் பூச்சியில்ல, செத்துடும். மெழுகு மூடி போட்ட குஞ்சுதான் வேணும், நாலு நாள்ல தானா வெளிய வரும்." தேடி எடுத்த அடையில் ஒட்டியிருந்த பூச்சிகளை உதறிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு முனிலட்சுமி வீட்டுக்கு நடந்தாள். ஆறு வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதித்தது அன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். பத்தாவது நாள் பெட்டி வாசலில் இளம்பூச்சிகள் பறந்து பழகின. இரண்டொன்று காலில் மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பின. குனிந்து பார்த்து மகிழ்ந்த மங்கம்மாவின் கண், பெட்டி மேலிருந்த பாகுக் கிண்ணத்தில் பட்டது.

"யாரு இது, பட்டப்பகல்ல பாகு வெச்சது? எங்க வீட்டுப் பூச்சியெல்லாம் மோப்பம் புடிச்சு வந்து கொள்ளையடிச்சுட்டுப் போறதுக்கா?"

"நான்தா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தாள் முனிலட்சுமி.

"அவ இல்ல அண்ணி" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தான் கங்கப்பன். "நான்தான் வெச்சேன்."