சுடர் சாய்ந்த பக்கம்

அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சுடர் நான்கு எண்ணும்வரை நிமிர்ந்து நின்றது. பிறகு நான்கு எண்ணும்வரை படுத்துக்கொண்டது. ஒடீல் காபிக் கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பைச் சுத்தம் செய்து முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பெல்லட் அடுப்புக்கென்று ஒரு தாளம் உண்டு. மரத்தூளை இறுக்கிச் செய்த, பென்சில் துண்டு போன்ற பெல்லட்டுகள் மேலே தொட்டியிலிருந்து ஒவ்வொரு பிடியாக எரிகிண்ணத்துக்குள் டிக்டிக்கென்று விழும். விழுந்ததும் சுடர் ஒரு துள்ளு துள்ளும், பிறகு அடங்கும். பதினொரு குளிர்காலமாக ஒடீல் அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் தூங்கினாள், எழுந்தாள். இது அந்தத் தாளம் இல்லை. பெல்லட் விழுந்தாலும் விழாவிட்டாலும் சுடர் தன் பாட்டுக்கு நின்றது, படுத்தது. வெள்ளையும் மஞ்சளுமாகக் கூராக எரிய வேண்டியது, அழுக்கு ஆரஞ்சு நிறத்தில், நுனியில் கரி பூசிக்கொண்டு சோம்பலாக ஆடியது.

வெளியே நேற்று மதியம் தொடங்கிய பனி இன்னும் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு வயல், அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் கனடா, எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டன. வாசல் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டைக் காட்டியது. பனி வழிக்கும் வண்டி நாளைக் காலைக்கு முன்னால் இந்தச் சாலைக்கு வராது என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். எண்ணெய்ச் சூடாக்கி அக்டோபரிலேயே விரிசல் விட்டுப் போயிருந்தது. இந்த வீட்டில் சூடு என்று இருந்தது இந்தச் சுடர் ஒன்றுதான்.

அதே அக்டோபரில்தான் தம்பி ரெனோவோடு பேச்சு நின்றது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு பாங்கர் நகரத்துக்கு வந்துவிடச் சொன்னான். மாட்டேன் என்றாள். தனியாகவே கிடந்தால் ஒருநாள் சுவரோடு பேசத் தொடங்கிவிடுவாள் என்று அவன் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். அவனும் திரும்பக் கூப்பிடவில்லை. வருடாவருடம் ஜனவரி நடுவில் வந்து அடுப்பைச் சுத்தம் செய்கிறவன் அவன்தான். இந்த வருடம் அவளே செய்தாள். காலையில் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கிண்ணத்தைச் சுரண்டி, துளைகளைக் கம்பியால் குத்தி, சாம்பல் தட்டைக் கொட்டினாள். பிறகு அவன் செய்வதுபோலவே, இலை ஊதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு பனியில் வீட்டின் பின்பக்கம் போனாள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயில் அதன் உறிஞ்சும் வாயைப் பொருத்தி, ஒட்டுநாடா சுற்றி, பத்து நிமிடம் ஓட்டினாள். அடுப்பின் குடலுக்குள் இருந்த சாம்பல் எல்லாம் சாம்பல் நிறப் புகையாக வயல்மேல் பறந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது கோப்பையை வைத்துவிட்டு முட்டி போட்டாள். அடுப்பை அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். நேராகத்தான் உட்கார்ந்திருந்தது. சாம்பல் தட்டு இறுக மூடியிருந்தது. காற்றுப் புகாமல் அடுப்புக் கதவைச் சுற்றி ஓடும் கயிற்றை விரலால் தடவினாள். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தாள். வரவில்லை. நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தாள், எங்கும் வரவில்லை. அறைக் காற்றை அடுப்புக்குள் இழுக்கும் குழாயில் எலி கூடு கட்டியிருக்குமோ என்று டார்ச் அடித்தாள். வெறுமையாக இருந்தது.

மறுபடி பற்ற வைத்தாள். சுடர் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. படுத்தது.

அப்போதுதான் ஜன்னல்கள் கண்ணில் பட்டன. நவம்பரில் எல்லா ஜன்னலுக்கும் அவள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் மெஷினின் சூட்டில் முரசுத் தோல்போல விறைக்க வைத்திருந்தாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். காற்றடித்தால் அந்தத் தாள் கொஞ்சம் அசையும், அதுவும் புதிதில்லை. ஆனால் வடக்கிலிருந்து காற்றடித்தால் வடக்கு ஜன்னல் தாள் உள்ளே உப்பும், தெற்கு ஜன்னல் தாள் வெளியே ஒட்டும். இப்போது இரண்டும் ஒன்றாக உள்ளே உப்பின. ஒன்றாகக் கண்ணாடியில் போய் ஒட்டின. சமையலறையில் போய்ப் பார்த்தாள். அங்கே மேற்கு ஜன்னலும் அப்படியே. உப்பும்போது ஒரு சத்தம், மிக மெல்லியது, யாரோ உதட்டைப் பிரிப்பதுபோல.

சமையலறைச் சுவரில் இருந்த போனை எடுத்தாள். மூன்று மாதமாகச் சுற்றாத எண்ணை விரல் மறக்கவில்லை.

"யாரு இது, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றான் ரெனோ.

"இருக்கேன். அடுப்புதான் சரியா எரியல."

யார் சுத்தம் செய்தது என்று கேட்டான். "இங்க வேற யாருடா இருக்கா?" என்றாள். அவன் சிரித்தான். கோபம் எதுவும் மிச்சமில்லாத சிரிப்பு. கிண்ணத்தைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருப்பாய், முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன், உன்னிடம் சொல்லவில்லை என்றான். அவள் தான் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாலர் நோட்டைச் சொன்னதும் பரவாயில்லையே என்றான். சுடரின் நிறத்தைக் கேட்டான். அடுப்புக்குக் காற்று போதவில்லை, வீட்டில் வேறு ஏதோ காற்றை இழுக்கிறது, துணி உலர்த்தும் மெஷின், குளியலறை விசிறி எல்லாவற்றையும் அணை என்றான். எல்லாம் காலையிலிருந்தே அணைத்துத்தான் இருக்கின்றன என்றாள்.

"சரி, அந்த ஊதுற மெஷினைப் போட்டப்போ ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சே இல்ல?"

"எதுக்கு?"

"எதுக்கா? வீட்டுக்குள்ள இருக்கிற காத்தை அது அடுப்பு வழியா வெளிய இழுத்துத் தள்ளும்க்கா. போன காத்துக்குப் பதிலா வேற காத்து உள்ள வந்தாகணும். நான் எப்பவும் சமையக்கட்டு ஜன்னலைத் திறந்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். நீ பார்த்ததில்லையா?"

"எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் ஒட்டியாச்சுடா."

"ஒரு ஜன்னல் விடாமலா?"

"ஒண்ணு விடாம."

"அப்போ பத்து நிமிஷமும் காத்து எங்கேயிருந்து வந்துச்சு?"

திருகாணி எங்கே போயிற்று என்று கேட்பதுபோலத்தான் அவன் கேட்டான். எதிரே மேற்கு ஜன்னல் தாள் மெதுவாக உள்ளே உப்பியது.

டிஷ்யூ தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, நுனியில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கச் சொன்னான். தாள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. கண்டுபிடித்துவிட்டுக் கூப்பிடு என்றான். அவளோ, போனை வைத்துவிடாதே, சும்மா இரு, அந்தப் பக்கம் ஏதாவது செய்துகொண்டிரு, எனக்குச் சத்தம் கேட்டால் போதும் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால், அக்டோபரில் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

மணி மூன்றே முக்கால். வெளிச்சம் சாம்பலாகத் தொடங்கியிருந்தது. தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். நியாயமாக அது அடுப்பின் பக்கம் சாய வேண்டும். அடுப்புக்கு முதுகைக் காட்டி, நடையின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து நின்றது. தளர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அவள் அதன் பின்னால் நடந்தாள். அடுப்பின் சூடு முதுகிலிருந்து நழுவியது. நடையில் குளிர் கணுக்காலைப் பிடித்தது. வாசல் கதவருகே தாள் திரும்பவில்லை. பாதாள அறைக் கதவருகே திரும்பவில்லை. மாடிப்படியின் கீழே, கோட்டுகள் மாட்டி வைக்கும் சின்ன அறையின் கதவருகே வந்ததும் தாள் விரலிலிருந்து பறிபடுவதுபோல விறைத்து நின்றது.

அந்த அறை அவளுக்குத் தெரியும். இரண்டு எட்டு எடுத்து வைக்கும் நீளம். இரண்டு பக்கமும் பின்னாலும் சுவர். மேலே படிகள். கீழே சிமெண்ட். ஜன்னல் இல்லை, விரிசல் இல்லை. காற்று உள்ளே போகலாம். போன காற்று வெளியே போக வழி கிடையாது.

வந்த வழியே திரும்பித்தான் வர வேண்டும்.

குனிந்தாள். கதவுக்கடியில் ஒரு விரல் உயரத்துக்கு இடைவெளி. தாளை அங்கே தொங்கவிட்டாள்.

தாள் உள்ளே போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

தாள் அவளை நோக்கித் திரும்பியது. ஒன்று, இரண்டு.

வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

அதில் ஈரம் இருந்தது. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த வாயின் வாடை இருந்தது. அவள் கையில் படிந்து, குளிரில் நொடியில் ஆறியது.

உள்ளே போயிற்று. நான்கு.

வெளியே வந்தது. நான்கு.

ஒடீல் எழ நினைத்தாள். சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தாள். காலடியில் பலகை கிறீச்சென்றது.

தாள் நின்றது.

நேராகத் தொங்கியது. அவள் எண்ணினாள். நான்கு. எட்டு. பன்னிரண்டு. தாள் அசையவில்லை. வீட்டின் எல்லா ஜன்னல்களிலும் அந்த மெல்லிய சத்தம் நின்றுபோனது.

நடையின் சுவரில் வெளிச்சம் ஏறியது. அவள் தலையை மட்டும் திருப்பினாள். கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், சுடர் எழுந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு போய் மஞ்சள். மஞ்சள் போய் வெள்ளை. கரி இல்லை. சோம்பல் இல்லை. மதியத்திலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்த அதே சுடர். அடுப்புக்கு வேண்டிய காற்று முழுவதும் இப்போது அடுப்புக்கே கிடைத்தது.

அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. எப்போது பொத்தினாள் என்று தெரியவில்லை. நெஞ்சு வலிக்கத் தொடங்கியது. இருபது. இருபத்தொன்று.

கதவுக்கு இந்தப் பக்கம் ஒடீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கமும்.

சுடர் ஊசிபோல நேராக நின்று எரிந்தது.