சந்தனப் பொட்டு வைத்த டேப்புகள்

எண்பத்தெட்டாம் வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள், கோவில்பட்டி ஜின்னிங் மில்லில் கம்ப்யூட்டரின் டிஸ்க் மண்டையைப் போட்டது. நகல் எடுத்து வைத்திருந்த ஐந்து டேப்புகளையும் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தும் வெறும் டேப்பு. புதூர், நாகலாபுரம் சம்சாரிகள் விளைவித்துக் கொண்டுவந்து போட்ட பருத்தியின் எடைக் கணக்கு மொத்தமும் போச்சு.

பழி ஆபரேட்டர் சங்கரம்மாள் தலையில் விழுந்தது. வேறு ஆள் இல்லையென்று, செத்துப்போன ஆத்தாளைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுநாளே வந்து நகல் எடுத்துப் போனவள் அவள். அதற்கு அடுத்த நாள்தான் பூசை.

"சாவு நெனப்புல அம்புட்டையும் அழிச்சிட்டா. இனிமே வரவேண்டாம்னுட்டேன்," என்றார் முதலாளி பூவனலிங்கம்.

மதுரையிலிருந்து புது டிஸ்க்கோடு வந்த மெக்கானிக் செய்யது அலி, சம்பளப் பாக்கிக்கு வந்து வாசலோரம் நின்ற அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன தாயி சொல்லுத?"

"தெரியல அண்ணாச்சி. நாந்தான் அழிச்சேனோ என்னவோ."

பொய்யில்லை. அன்றைக்குச் சோறு தின்றாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. சத்தியம் பண்ண வாய் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

"டேப்பு டிரைவுல படிக்கிற ஹெட்டு அழுக்குண்ணே!" என்று அலியின் உதவியாள் ராஜமணி துடைக்க ஸ்பிரிட்டைத் திறந்தான்.

"பொறுலே." அலி மதுரையில் எழுதிய டேப் ஒன்றைப் போட்டார். பிசகில்லாமல் படித்தது. "டிரைவு நல்லாத்தான் இருக்கு." பிறகு மில்லின் டேப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்திலும் சந்தனப் பொட்டு. "பூசையில வச்சீயளா?"

"பின்னே? ஸ்பேனர், கத்தியோட ராத்திரி பூரா வச்சிருந்தேன்," என்றார் முதலாளி.

பூசைப் பலகையில் சாமான்கள் அப்படியே கிடந்தன. நடுவில் ஆணிகள் ஒட்டிய கனத்த இரும்புக் கட்டை ஒன்று. பருத்தியோடு வரும் ஆணி மெஷினில் உரசித் தீப்பிடிக்காமல் இழுத்துக்கொள்ளும் காந்தம் அது.

"இது எங்கன இருந்துச்சு அண்ணாச்சி?" என்று அலி முதலாளியிடம் கேட்டார்.

"டேப்பு மேல. சரியாம இருக்கட்டும்னு நாந்தான் பாரம் வச்சேன்."

"டேப்புல இருக்கது பூரா காந்த எழுத்து. சிலேட்ட அழிச்ச மாதிரி நீங்களே அழிச்சிருக்கீய." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

முதலாளி விடவில்லை. "அவ எழுதுனாத்தானே அழியும்? எழுதவே இல்லன்னா?"

அலி டேப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். "இதுல ஆறு டேப்புக்கு எடம் இருக்கு. இங்க அஞ்சுதான். இன்னொண்ணு எங்க?"

பூவனலிங்கம் தலையைச் சொறிந்தார். "அது கடைசியா இவ எடுத்தது. தீட்டுக்காரி கைபட்டது சாமிக்கு ஆகாதுன்னு ஜன்னல்ல தள்ளி வச்சேன். அத யாரு தொடுவா?"

ராஜமணி ஓடிப்போய் எடுத்து வந்தான். பொட்டு இல்லாத டேப்பு. அலி போட்டதும் திரையில் பெயர்கள் ஓடின: புதூர் கருத்தையா, நாகலாபுரம் வன்னியபெருமாள், பாலம்மாள்... எல்லாருடைய எடையும் இருந்தது.

"தப்பிச்சோம்!" என்றார் முதலாளி. "ஏட்டி, நாளைக்கே வந்திரு."

அந்த நாளில் தன் கை ஒரு பிசகும் செய்யவில்லை என்பதைச் சங்கரம்மாள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"பதினாறாம் நாள் காரியம் கழிச்சு வாரேன், முதலாளி," என்று செருப்பை மாட்டினாள். "எங்காத்தாளுக்கு நான் இன்னும் அழக்கூட இல்ல."