ரிசெலுக்கு ஏற்றிய கறுப்பு மெழுகுவர்த்தி

"செத்துப்போன பொண்ணு உனக்கு என்ன வேணும், இன்டாய்?"

மெழுகுவர்த்தி விற்கும் கிழவி ரிசெலைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த ஊரில் சின்னப் பெண்களை 'இன்டாய்' என்றும், வயதில் மூத்தவளை 'நாங்' என்றும்தான் கூப்பிடுவார்கள். ரிசெலுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவியின் கையில் கறுப்பு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த மலை மாதா கோவிலின் வாசலில் சிவப்பு காதலுக்கு, பச்சை பரீட்சைக்கு, கறுப்பு செத்தவர்களுக்கு. பெயரைச் சொல்லி வாங்கினால் கிழவிகள் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அடிவைத்து ஆடி, அந்தப் பெயருக்காக வேண்டிக்கொள்வார்கள்.

"யாரு செத்தது, நாங்?"

"ரிசெல்னு சொன்னாங்களே." கிழவி தூணைக் காட்டினாள்.

தூணுக்குப் பின்னால் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். சாரோ, அவளுடைய காதலன் நோயெல், அப்புறம் ஐசா.

"ஸ்கூல்ல உன் பேரை வெட்டியாச்சு," என்றாள் சாரோ, சிரிப்பை அடக்கமாட்டாமல். "மேல இருக்கிறவருக்கும் சொல்லிடலாம்னுதான்!"

ரிசெலும் சிரித்தாள். படிப்பை விட்டுவிட்டு சலவைக்கடையில் துணி மடிக்கப் போன பிறகு, அவர்கள் அவளை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. இன்றைக்குக்கூட ஐசா கெஞ்சியதால்தான் வேனில் இடம் கிடைத்தது. பள்ளியில் ஐசா பக்கத்து இருக்கைக்காரி, ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். முகத்தைச் சுளித்தால் இனி அவளும் கூப்பிட மாட்டாள்.

"நான்தான் ரிசெல், நாங். சும்மா விளையாட்டு."

கிழவி சிரிக்கவில்லை. "ஆடி முடிச்சுட்டேனே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேனே. கேக்க ஆளில்லாம எத்தனையோ இந்த மலையில நிக்குது. கூப்பிட்டா எதாவது ஒண்ணு வரத்தான் செய்யும்."

அவள் மெழுகுவர்த்தியைத் தாங்கியில் குத்தி வைத்துவிட்டு, ரிசெலுக்கு இடப்பக்கமாக யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கிப் போனாள்.

திரும்பும் வழியில் ஆடப்போகிற ஆட்டத்தின் விதிகளை சாரோ வேனில் ஏறும்போது சொன்னாள். "சாவு வீட்டுக்குப் போனா நேரா வீட்டுக்குப் போவோமா? அங்க இங்க நின்னு, கூட வர்ற ஆவியை உதறிட்டுத்தானே போவோம். வழியில இருக்கிற வியூ பாயிண்ட் எல்லாத்துலயும் நிப்போம். செத்தவ கூப்பிட்டா யாரும் பதில் சொல்லக்கூடாது. சொன்னா வீடு வரைக்கும் வந்துடுவா. எவ வாயைத் திறக்கறாளோ, அவதான் எல்லாருக்கும் சோளம் வாங்கித் தரணும்."

"சாரோ, நான் இங்கதாண்டி உக்காந்திருக்கேன்," என்றாள் ரிசெல்.

"என்னமோ ஈ பறக்குது," என்றான் நோயெல்.

ஐசா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னிருக்கையில் ரிசெல் மட்டும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும், ஊதி அணைத்த திரியின் வாடை வேனுக்குள் கட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வளைவிலும் ரிசெல் சாயும்போது அவளுக்குக் கீழே ரெக்சின் முனகும். கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் ரெக்சினும் முனகும்.

முதல் வியூ பாயிண்டில் கடல் வரைக்கும் தெரிந்தது. மூவரும் கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ரிசெல் ஓரமாய் வந்து நின்றதும், "இந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்லை" என்று சாரோ போனைத் திருப்பினாள். ரிசெல் அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் அலுத்துப்போவார்கள்.

சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் பெண் தட்டுகளை வைத்துக்கொண்டே வந்தாள். சாரோ, நோயெல், ஐசா, ரிசெல். பிறகு ரிசெலின் இடப்பக்கத்தில் இன்னொன்று.

"நாங்க நாலு பேர்தான்," என்றாள் ரிசெல்.

அந்தப் பெண் காலி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, தட்டை எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

"சாரோ, நீதானே அவகிட்ட சொல்லி வெச்சே?"

சாரோ சுட்ட பன்றியின் மொறுமொறுத்த தோலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தட்டைப் பார்த்து அவள் முகமும் ஒரு கணம் சுருங்கியது. ரிசெல் அதைக் கவனித்தாள். சோறு தொண்டையில் மெழுகு போல வழுக்கியது.

அடுத்த வியூ பாயிண்டில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ரிசெல் ஐசாவின் பின்னாலேயே போனாள்.

"ஐசா, போதும்டி. என் பக்கத்துல என்னமோ இருக்கு. விளையாட்டு இல்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பாரு."

ஐசா நின்றாள். பாதி திரும்பினாள். அவள் கண்களில் பழைய ஐசா இருந்தாள். சாரோ அவள் இடுப்பைக் கிள்ளினாள். "தோத்துடாதடி லூசு!"

ஐசா உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிசெல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூச்சுச் சத்தம் கேட்டது. அவளுடையது இல்லை. காதுக்குப் பக்கத்தில், இடப்பக்கம்.

கடைசி வியூ பாயிண்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கீழே பள்ளத்தாக்கு இல்லை. வெறும் வெள்ளை. சோளம் சுடுகிற ஒருத்தியின் அடுப்பு மட்டும் சிவப்பாய்த் தெரிந்தது.

"சரி, ஆட்டம் முடிஞ்சுது," என்றாள் சாரோ. "வாடி செத்தவளே. சோளம் நானே வாங்கிட்டேன்."

ரிசெலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையை நீட்டினாள்.

சாரோ சோளத்தை நீட்டியது அவளிடம் இல்லை. அவளுக்கு இடப்பக்கம். வெறும் காற்றில்.

சாரோ கையை எடுத்துக்கொண்டாள். சோளம் விழவில்லை.

"சாரோ. இங்க. நான் இங்க நிக்கறேன்."

"மூஞ்சியைப் பாரு!" என்று நோயெல் அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தான். சோளத்தில் ஒரு வரிசை மணிகள் காணாமல் போயின. பிறகு இன்னொரு வரிசை.

ஐசா அழுதுகொண்டே ஓடி வந்தாள். ரிசெலைத் தாண்டி. "மன்னிச்சுடு ரிசெல். அப்பவே பேசியிருக்கணும். சாரோவுக்குப் பயந்துட்டேன்." அவள் காற்றைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகுச் சட்டையில் விரல்கள் பதிந்தன. ஒவ்வொன்றாக. யாருடையவோ.

ரிசெல் அலறினாள். ஐசாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஐசா நடுங்கினாள். "அப்பா, என்ன குளிரு. வா, வண்டிக்குப் போலாம். ஒரு வார்த்தை பேச மாட்டியா? சரி, கோவமாவே இரு. இன்னிக்கு உங்க வீட்டுலயே படுத்துக்கறேன். உங்க அம்மா நமக்காகக் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. தம்பிக்கு இந்தச் சோளத்தைக் கொஞ்சம் மிச்சம் வை."

அம்மா. தம்பி.

"ஐசா, அதைக் கூட்டிட்டுப் போகாதே!"

"ஒரு வார்த்தை பேசறாளா, திமிரைப் பாரேன்," என்றாள் சாரோ. "செத்தும் அடங்கலை."

கதவு மூடியது. ரிசெல் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும். சத்தமே இல்லை.

உள்ளே ஐசா இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே தலையைப் பக்கத்து வெற்றிடத்தில் சாய்த்தாள். தலை அங்கேயே தங்கியது. கை மட்டும் மெல்ல நீண்டு, யாருடைய முடியையோ கோதிவிட்டது.

கண்ணாடியின் உட்புறம், ரிசெலின் முகத்துக்கு நேராக, சின்ன வட்டமாய் மூச்சு படிந்தது. மறைந்தது. மறுபடியும் படிந்தது.

வேன் நகர்ந்தது. அம்மாவின் வீட்டுக்கு, ரிசெலாக, ஒரு வார்த்தையும் பேசாமல், அது கிளம்பிப் போனது.