மூன்றாவது சலாம்

நாகர்கோவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஷஹ்லா தேங்காப்பட்டணத்தில் வந்து இறங்கியபோது உச்சி வெயில். பழைய ஓட்டு வீடு. கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் சுவரைத் தொட்டால் கையில் உப்பு ஒட்டும். மாமியார் ஹமீதா பீவி கதவைத் திறந்து மருமகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்தார்.

“இது என்ன பெட்டி மோளே?”

“அவியளுக்க பாட்டுப் பெட்டி, மாமி. ரெக்கார்டும் இருக்கு.”

“நல்ல கூத்து. இத்தா இருக்க வந்தவ பாட்டுப் பெட்டியோட வந்திருக்கான்னு ஊருக்குத் தெரிஞ்சா போதும், வெறும் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரிதான்” என்றார் ஹமீதா பீவி. சொன்னாரே தவிர, பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தார். மகன் தொட்ட பெட்டியல்லவா.

இத்தா என்பது கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம். ஷஹ்லாவுக்கு அந்த உள்ளறைதான். ஒரு கட்டில், ஒரு மர நாற்காலி, பின்முற்றத்தைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல். அதையும் சாத்தித்தான் வைத்திருந்தார்கள்.

அவளுடைய கணவன் அனஸ் கப்பலில் ஃபிட்டராக இருந்தான். மேல்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் கடலில் விழுந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே பள்ளிவாசலில் ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடந்தது. ஊரே அழுது ஓய்ந்துவிட்டது, ஷஹ்லா மட்டும் இன்னும் நம்பவில்லை. முகத்தைப் பார்க்காத சாவை எப்படி நம்புவது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் அவள் எழுந்து நின்றாள். அவன் வந்துவிடுவான் என்ற ஒன்றைத் தவிர அவளிடம் பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

கப்பலிலிருந்து வந்த அவனுடைய பெட்டியில் நான்கு இசைத்தட்டுகள் இருந்தன. பிரேசிலில் ஒரு துறைமுகத்துப் பழைய கடையில் வாங்கியவை. நான்கும் ஜுரந்தீர் மொயெமா என்ற ஒரே பாடகருடையவை. விழுவதற்கு முந்தின வாரம்கூட அனஸ் போனில் அதைப் பற்றித்தான் பேசினான்.

“வருஷ வரிசையில கேக்கணும், கேட்டியா? முதல் ரெண்டும் போசா நோவா. காதுல ரகசியம் சொல்லுத மாதிரி பாடுவான். அடுத்த ரெண்டும் ஃபங்க். ஆளே மாறிப்போயிருப்பான். அதுக்குப் பெறகு மனுசன் ஒரு தட்டு கூடப் போடல. ஏன்னு ஊருக்கு வந்து சேந்து கேட்டுக் கண்டுபிடிப்போம்.”

சேர்ந்து கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. மாமியார் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் ஷஹ்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் தட்டைப் போட்டாள்.

கிடாரை அந்த மனிதர் மீட்டினாரா தடவினாரா என்றே தெரியவில்லை. அவ்வளவு மெதுவான தாளம். அதன் மேல் குரல் பாட்டாக இல்லாமல் பேச்சாக வந்தது. வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மொழி புரியாவிட்டாலும் ஷஹ்லா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தன் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஆறுதல் சொல்வதுபோல் இருந்ததால், அன்றுதான் அவள் சத்தமில்லாமல் நன்றாக அழுதாள்.

ஒன்றை மட்டும் கவனித்தாள். அவ்வப்போது அவர் பாட்டை ஒரு நொடி நிறுத்தினார். கதவுப் பக்கம் காது கொடுப்பவர் மாதிரி.

இரண்டாவது தட்டில் அந்த நிறுத்தங்கள் அதிகமாயின. கடைசிப் பாட்டில் அப்படி ஒரு நிறுத்தம் வந்தபோது, கிடாருக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், ஓர் ஆண் குரல் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

ஷஹ்லா ஹெட்போனைக் கழற்றினாள். வீடு அமைதியாக இருந்தது. முள்ளைத் தூக்கி அதே இடத்தில் திரும்ப வைத்தாள். கிடார் வந்தது, மூச்சு வந்தது, நிறுத்தமும் வந்தது.

சலாம் வரவில்லை.

அன்று மாலை மாமியாரிடம், “மாமி, மத்தியானம் ஆராவது வந்தாவளா?” என்று கேட்டாள். ஹமீதா பீவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. “ஆரும் வரல்ல” என்றார். முகத்தைத் திருப்பவில்லை.

மூன்றாவது தட்டு வேறு உலகம். தடதடவென்று டிரம், அடிவயிற்றைப் பிடித்து உலுக்கும் பேஸ் கிடார், நாலைந்து ஊதுகுழல்கள் ஒன்றாகச் சேர்ந்த அலறல். ரகசியம் பேசிய மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். ஆடத் தோன்றுகிற இசைதான், ஆனால் ஷஹ்லாவுக்கு ஆடத் தோன்றவில்லை. இது சந்தோஷத்தில் எழுப்புகிற சத்தமில்லை. வெளியே நிற்கிறவரின் குரல் காதில் விழக் கூடாது என்று எழுப்புகிற சத்தம்.

பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரு நொடி நின்றன.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

இந்த முறை தூரத்தில் இல்லை, பின்முற்றத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில். கொஞ்சம் இழுத்து, கடைசியில் ராகம் போட்டு முடிக்கிற தேங்காப்பட்டணத்துச் சலாம்.

அனஸின் சலாம் என்று அவள் மனசு சொன்னது. மனசு எதைத்தான் சொல்லாது?

ஒரு வீட்டுக்கு வருகிறவர் வாசலில் நின்று மூன்று முறை சலாம் சொல்லலாம். பதில் வந்தால் உள்ளே வரலாம். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே பழகிக்கொள்கிற மரியாதை அது. இரண்டு சலாம் முடிந்துவிட்டது என்பது அன்றிரவு முழுக்க ஷஹ்லாவைத் தூங்கவிடவில்லை. மூன்றாவதுக்கும் பேசாமல் இருந்தால் அவன் திரும்பிப் போய்விடுவான். அந்தக் கடலுக்கே போய்விடுவான்.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சாத்திய அறை பொழுதடைந்த மாதிரி இருண்டது. ஷஹ்லா நான்காவது தட்டைப் போட்டாள்.

டிரம் முன்னைவிட வேகமாக ஓடியது. கத்திக் கத்திப் பாடகரின் குரல் உடைந்திருந்தது. தட்டு முடியப்போகிற நேரத்தில் டிரம் நின்றது. பிறகு ஊதுகுழல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியில் பேஸ் கிடாரும் நின்றது. அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு கதவை மூன்று தரம் தட்டினார்கள். பாடகர் களைத்துப்போய், பழையபடி ரகசியக் குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“எந்த்ரா.”

அவ்வளவுதான். முள் கடைசி வளையத்தில் மாட்டிக்கொண்டு டக், டக் என்று சுற்றியது.

ஷஹ்லா ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

வெறும் காதில் கேட்டது, அறைக்கதவுக்கு வெளியே.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வஅலைக்கும் ஸலாம்” என்றாள் அவள். வாய் முந்திக்கொண்டது. “வாங்க... உள்ள வாங்க.”

கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

நனைந்த கயிற்றின் வாடை அறைக்குள் பரவியது. அதோடு நாட்பட்ட மீன் வாடையும். கதவருகில் கிடந்த மர நாற்காலி, கனமான ஆள் உட்கார்ந்ததுபோல் முனகியது.

“அவியளா?” என்று ஷஹ்லா மெல்லக் கேட்டாள்.

நாற்காலிக் காலடியில் தண்ணீர் சொட்டித் தேங்கத் தொடங்கியது.

அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் தேய்ந்து நகர்ந்து கதவை அடைத்துக்கொண்டது.

உட்கார்ந்தாள். அதுவும் சும்மா இருந்தது.

மறுபடி எழுந்தாள். மறுபடி முனகல்.

எவ்வளவு நேரம் அப்படிக் கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தாளோ தெரியாது. கத்தலாம்தான். கத்தினால் அக்கம்பக்கம் ஓடி வரும். உள்ளே ஆள் இருக்கிறான், நான்தான் வரச் சொன்னேன் என்று இத்தாவில் இருக்கிறவள் யாரிடம் சொல்வாள்? ஊர் வாய்க்குப் பயந்தே அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“மோளே?” கதவுக்கு வெளியே ஹமீதா பீவியின் குரல். கதவைத் தள்ளிப் பார்த்தார். தாழ் போடாத கதவு அசையவில்லை. பிறகு கிசுகிசுவென்று, “பதில் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் மாமி.”

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. அடுத்து வந்தது வேறு குரல், வந்த ஆளை முறைத்துக்கொண்டு பேசுகிற குரல். “வந்தது வந்தாச்சு. எனக்க மோளுக்கு அடுக்களையில வேலை கிடக்கு. எழும்பி வழிய விடு.”

நாற்காலி முனகியது. கதவு திறந்துகொண்டது. ஹமீதா பீவி கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அடுக்களையில் ஷஹ்லா அடுப்போடு ஒட்டி நின்றாள். “அவியதான்னு நெனச்சேன் மாமி.”

“எனக்கும் கேட்டுது. போன வாரம், இந்த அடுக்களை வாசல்ல. மூணு தரம்.” ஹமீதா பீவியின் கண் நிறைந்திருந்தது. “நான் பெத்த தாயி, எனக்கு ஆசை இருக்காதா? ஆனா நான் வாயத் திறக்கல. எனக்க மகன் இந்த வீட்டுக்கு வரும்போ என்னைக்காவது வாசல்ல நின்னுருக்கானா? சலாம் சொல்லிக்கிட்டே அடுப்பு வரைக்கும் வந்து சட்டியத் திறந்து பாப்பான். இது நின்னுச்சு மோளே. நாம சொல்லாம இதால உள்ள வர முடியாது.”

“எங்கிட்ட ஏன் மாமி சொல்லல?”

“சொன்னா நீ இன்னும் ஆசப்படுவன்னு நெனச்சேன். தப்புதான்.”

ஷஹ்லா விம்மி அழுதாள். பயத்தைவிட அந்த அழுகையில் வேறொன்று அதிகம் இருந்தது. அனஸ் வரமாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. சற்றுத் தெளிந்ததும், பாடகர் சொன்ன அந்தச் சொல்லை போனில் சொல்லிப் பார்த்தாள். போன் மொழிபெயர்த்துக் காட்டியது: ‘உள்ளே வா.’

தட்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். பாட்டு நின்றாலும் வந்தது போகவில்லை. “விருந்தும் மருந்தும் மூணு நாள்தான், தானாப் போவும்” என்றார் ஹமீதா பீவி. மூன்று நாளும் போயின, மூன்று மாதமும் போயிற்று. ஷஹ்லா மாமியாரின் கட்டிலிலேயே படுத்தாள். உள்ளறை நாற்காலி தினமும் நனைந்திருந்தது. விரலில் தொட்டு வைத்தால் நாக்கில் உப்பு. சில நாட்களில் நாற்காலி மாமியாரின் அறை வாசலில் கிடக்கும், சில நாட்களில் குளியலறைக் கதவில் சாய்ந்திருக்கும். அவள் எந்த அறைக்குள் போனாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருந்தது. கோட்டாறிலிருந்து அவளைப் பெற்ற உம்மா போனில் பேசும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பாள். நாற்காலி முனகும். “நல்லா இருக்கேன் உம்மா” என்று வைத்துவிடுவாள்.

இத்தா முடிகிற நாளில் உள்ளறை காய்ந்து கிடந்தது. வாடை இல்லை. நாற்காலி நாற்காலியாக மட்டும் இருந்தது. ஹமீதா பீவி அதைக் கையால் தடவிப் பார்த்தார். “போயாச்சு மோளே,” என்றார். “நீயும் நிம்மதியா உம்மா வீட்டுக்குப் போ. இதை ஆருகிட்டயும் சொல்லாண்டாம்.”

ஷஹ்லாவின் தம்பி ஃபாயிஸ் காரில் வந்து கூட்டிப்போனான். இத்தனை நாளுக்குப் பிறகு வெயில், பஸ், கடைத்தெரு, மனிதர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று முகத்தில் அடிக்க வந்தாள். கோட்டாறு நெருங்கியபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. தம்பியிடம் அனஸைப் பற்றி, அழாமல், முதல் தடவையாகப் பேசினாள்.

தெருமுனையில் கார் நின்றது. ஷஹ்லா முன்னால் நடந்தாள். உம்மா வீட்டு வாசலில் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்து, சலாம் சொல்ல வாயைத் திறந்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

அவள் சொல்லவில்லை.

காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே கயிற்று வாடை.

மிக்ஸிச் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது சலாமும் கேட்கவில்லை. ‘உம்மா, பதில் சொல்லாதிய’ என்று கத்தப் பார்த்தாள் ஷஹ்லா. தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. காலும் எழவில்லை.

மிக்ஸி நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வஅலைக்கும் ஸலாம்!” உம்மாவின் குரலில் அத்தனை மகிழ்ச்சி. “ஃபாயிஸா? வா மக்கா, உள்ள வா!”

ஃபாயிஸ் இன்னும் தெருமுனையில் காரைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஷஹ்லாவின் கண்ணெதிரே, வாசல் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டு, திரும்ப மூடிக்கொண்டது.