ஒருத்திக்கான வீடு

பாயில் சூடு இருந்தது.

அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு, முந்தின நாள் மாலை அவசரத்தில் சுருட்டாமல் போட்டுவிட்டுப் போன பாயில் உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடத்தில் இருக்கிற சூடு. முதுகு படும் இடத்தில் அதிகம், கால் பக்கம் குறைவு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த அறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் குடிவந்த நாளிலிருந்து அதன் வழியாக ஒரு பொட்டு வெயில் உள்ளே விழுந்ததில்லை. மணி காலை ஏழு. பன்னிரண்டு மணி நேரமாக வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடிய விடியச் சூடான விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து மடித்து அடுக்குகிற கை அது. கையின் சூட்டைத்தான் பாயின் சூடு என்று நினைத்துவிட்டோம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வீட்டுக்கு வந்து அப்போது மூன்றாவது வாரம். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்காது. வார்டன் அம்மா அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆறு வருடமாக அந்த மேசைக்கு முன்னால் நின்றபடியே திட்டு வாங்கியவளுக்கு நாற்காலி கொடுத்தால் வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? மூன்று வழி இருக்கிறது என்றார் வார்டன் அம்மா. ஒன்று, ஓர் அறைக்கு எட்டுப் பேர் தங்கும் பெண்கள் விடுதி. இன்னொன்று, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத சித்தப்பாவின் வீடு. மூன்றாவது, பயிற்சி வீடு. மூன்று மாதம் தனியாகச் சமைத்து, துவைத்து, நேரத்துக்கு வேலைக்குப் போய், யாரையும் தங்கவைக்காமல் இருந்து காட்ட வேண்டும். தேறினால் அவள் பேரிலேயே ஒரு வீடு ஒதுக்குவார்கள். இல்லத்தில் இருக்கும் தங்கச்சியையும் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் விடுதிதான், விடுதியில் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இடமில்லை.

வார்டன் அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சொந்தச் சாவி கிடைக்கும் என்பதுதான் அவள் காதில் விழுந்தது, தனியாக இருக்க வேண்டும் என்பது விழவில்லை.

தனியாக இருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நாற்பது பேருக்கு உலை வைத்துப் பழகிய கைக்கு ஒரு பிடி அரிசி அளக்க வரவில்லை. முதல் நாள் வடித்த சோற்றை மூன்று நாள் தின்றாள். இருபத்து மூன்று பெண்கள் வரிசையாகப் படுக்கும் கூடத்தில், இருமலும் குறட்டையும் யாராவது ஒருத்தியின் உளறலும் கேட்டுத் தூங்கியவளுக்கு, இந்த வீட்டின் அமைதி காதுக்குள் விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. அதுவும் அவள் தூங்க வேண்டியது பகலில். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் அந்தக் கட்டடத்தில் ஈ காக்கை இருக்காது. கீழ்வீட்டுத் தையல்காரரின் மெஷின் மட்டும் விட்டு விட்டுக் கடகடக்கும், அதுவும் மதியம் நின்றுவிடும். பதினேழு நாளாக அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாளே தவிரத் தூங்கியதில்லை. வாரம் ஒருமுறை படிவத்தோடு வரும் மேற்பார்வையாளரிடம், இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் விசிட் அக்கா என்று கூப்பிடுகிறவரிடம், நன்றாகத் தூங்குகிறேன் என்று பொய் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்குமோ என்று பயம்.

பாயில் சூட்டைக் கண்ட அதே நாள் முற்பகலில்தான் அந்த அழுகையைக் கேட்டாள்.

திரையை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதலில் தண்ணீர்க் குழாயின் ஓசை என்று நினைத்தாள். இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, துணியை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சை விழுங்கி விழுங்கி அழும் அழுகை. இல்லத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் அழுவார்கள், அவளும் அப்படித்தான் அழுதாள், அவள் தங்கச்சியும். அந்த ஓசை அவளுடைய முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வெறும் தரையிலிருந்து வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். ஆனால் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவள் அழுதால், அந்த வரிசையில் மூத்தவள் தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்து, தன் போர்வையின் ஒரு முனையை அவள் பக்கம் தள்ளிவிட வேண்டும். பேசக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் அவளுக்கு வெட்கமாகிவிடும். கடைசி நான்கு வருடமாக மூத்தவள் இவள்தான். எத்தனையோ பிள்ளைகளை அப்படித் தூங்க வைத்திருக்கிறாள்.

அவள் எழுந்து, கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, தங்கச்சிக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பாயை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். படுத்தாள். சுவரைப் பார்த்தபடியே போர்வையின் முனையைப் பின்னால் தள்ளினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு போர்வை மெல்ல இழுபட்டது. ஒரு சிறு பிடி. அழுகை தேய்ந்து, மூச்சாகி, சீரானது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். பதினேழு நாளுக்குப் பிறகு முதல் தூக்கம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதன் பிறகு அவள் தினமும் இரண்டு பாய் விரித்தாள். மீந்த சோறு மிச்சமில்லாமல் தீர்ந்தது, தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. சலவைக்கூடத்து மேஸ்திரியின் கடுகடுப்பையும் பஸ்ஸில் நடந்த சண்டையையும் சுவரைப் பார்த்தபடி அவள் சொல்லுவாள். பின்னால் மூச்சு கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். தங்கச்சியைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். இடது புருவத்தின் தழும்பு, தூங்கும்போது பல்லைக் கடிப்பது, கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பது. எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு சின்ன 'ம்' கேட்கும். அந்த 'ம்' நாளாக ஆக அவளுடைய குரலைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது.

அவளிடமும் ஏதோ குறைந்துகொண்டு வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் இவளைத் தாண்டிப் போய்விடுவார், கூப்பிட்டால்தான் திரும்புவார். சலவைக்கூடத்தில் டீ கொடுக்கும் அம்மா, இவளை எண்ணாமல் கிளாஸ்களை வைத்துவிட்டுப் போனார். இரவு வேலை உடம்பை உருக்குகிறது என்று நினைத்தாள். ஒருநாள் கீழ்வீட்டுத் தையல்காரர் படியில் மறித்து, காலை பத்து மணிக்கு வாசலில் நின்று தலை சீவுகிறாயே, எப்போதுதான் தூங்குவாய் என்று அக்கறையாகக் கேட்டார். பத்து மணிக்கு அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

பதினோராவது வாரம் விசிட் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நல்ல மனுஷி, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும். அன்று இல்லை. அறையில் இரண்டு பாயையும், கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டையும் பார்த்தார்.

"கீழ இருக்கறவர் புகார் குடுத்திருக்காரு. மேல ரெண்டு பேர் நடக்குற சத்தம் கேக்குதாம். யாரும்மா அது?"

"யாரும் இல்லக்கா."

"எங்கிட்ட பொய் சொல்லாத. நீ யாரையோ பாவம் பாத்து வச்சிருக்க. உன் குணம் எனக்குத் தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வீடு ஒருத்திக்குத்தான். அடுத்த வியாழக்கிழமை கடைசி விசிட். அன்னைக்கு உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள அனுப்பிடு. இல்லன்னா என்னால எதுவும் செய்ய முடியாது."

புதன்கிழமை மாலை வேலைக்குக் கிளம்பும் முன் அவள் பாயில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தபடிதான். எப்படிச் சொல்வதென்று பத்து நாளாக யோசித்தும் வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் வாயில் வந்தது வார்டன் அம்மா அவளிடம் சொன்னதுதான். "இவ்வளவு நாள் இருந்துட்ட. இனிமே இங்க வச்சுக்க முடியாதும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பின்னால் மூச்சு நின்றது. தையல் மெஷினும் நின்றிருந்தது. சுவரின் ஈர வாடையும், அவள் தலையில் தேய்த்த எண்ணெயின் வாசனையும், அவளுடையது போலவே இன்னொரு தலையின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. அவளுக்கு அழுகை வந்தது. வெளியே அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"ஒருத்திதான் இருக்க முடியும்," என்றாள். "என் தங்கச்சி வரணும்."

"சரி," என்றது பின்னால், அவளுடைய குரலில். "ஒருத்திதான்."

அவள் திரும்பிப் பார்க்காமல் எழுந்து, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்றிரவு சலவைக்கூடத்தில் மேஸ்திரி வருகைப்பதிவு எடுத்தபோது அவள் பேரைக் கூப்பிடவில்லை. அவள் கையைத் தூக்கினாள். அவர் நோட்டை மூடினார். அவள் மடித்து வைத்த விரிப்புகளை இன்னொருத்தி உதறி மறுபடி மடித்தாள். காலை பஸ்ஸில் ஒருவர் அவள் உட்கார்ந்திருந்த இருக்கையில் உட்கார வந்தார், அவள் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஏழு மணிக்குச் சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் ஓசை. பாத்திரம் கழுவும் ஓசை. தையல்காரர் படியேறி வந்தார். அவளைத் தாண்டிப் போய் மொட்டைமாடியில் துணியை எடுத்தார். அவளைத் தாண்டி இறங்கினார்.

தட்டினாள்.

உள்ளே யாரோ மெல்லப் பாடினார்கள். இல்லத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் பாடும் மெட்டு.

மத்தியானம் ஆயிற்று. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். கை வலிக்கவில்லை. பசிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கீழே பேச்சுக் குரல். விசிட் அக்கா. கூடவே குதித்துக் குதித்து ஏறும் காலடி. புதுச் சட்டை, இரட்டைப் பின்னல், இடது புருவத்தில் தழும்பு. அவள் எழுந்து நின்றாள். தங்கச்சியின் பேரைச் சொன்னாள். உரக்கச் சொன்னாள். விசிட் அக்கா அவள் தோளை உரசிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

ஒரே தட்டு. கதவு திறந்தது.

"வாங்கக்கா," என்றது அவள் குரல்.

விசிட் அக்கா உள்ளே போனார். ஒரு பாய், ஒரு தட்டு. அவருடைய சிரிப்புக் கேட்டது, மிட்டாய்த்தாள் பிரியும் ஓசை கேட்டது. "எனக்குத் தெரியும், நீ தேறிடுவன்னு. இந்தா, இங்க கையெழுத்துப் போடு."

தங்கச்சி மட்டும் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றுவிட்டாள். திரும்பினாள். நேராக இவளைப் பார்த்தாள்.

பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள்.

இவள் சிரிக்க முயன்றாள். கையை நீட்டினாள். பிள்ளையின் முகத்தில் நிறம் போனது. பின்வாங்கினாள். முதுகு கதவுநிலையில் இடித்தது.

"அக்கா," என்றாள், உள்ளே பார்த்து. "இங்க யாரோ நிக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

உள்ளிருந்து அது வந்தது. அவள் முகம். அவளுடைய வாரிய தலை. நல்ல தூக்கம் தூங்கிய கண்கள். பிள்ளையின் தோளில் கை வைத்தது. இவளை நேருக்கு நேர் பார்த்தது. அந்த முகத்தில் வன்மம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"யாரும் இல்லடா. உள்ள வா."

தங்கச்சி அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், முகத்தை அதன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து, இன்னும் பயம் தெளியாத குரலில், தாழைச் சரியாகப் போட்டாயா என்று பிள்ளை கேட்டாள்.